சிதம்பரத்திலிருந்து 2028 டிசம்பர் 31 முழுச் சந்திர கிரகணத்தைப் பார்ப்பது எப்படி?

கேள்வி இது: "நாங்கள் சிதம்பரத்தில் இருக்கிறோம். 2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம் என்கிறார்கள். அதைப் பார்க்கப் பிச்சாவரம் பக்கம் கடலோரம் போக வேண்டுமா, ஏற்காடு போல ஏதாவது மலைக்குப் போக வேண்டுமா? எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் பார்ப்பது? தொலைநோக்கி இல்லாமல் தெரியுமா? வீட்டில் பெரியவர்கள் வெளியே வரக் கூடாது என்கிறார்கள், பிள்ளைகளை அழைத்து வரலாமா?"

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கும் போக வேண்டாம். வானம் தெளிவாக இருந்தால் உங்கள் வீட்டு மொட்டை மாடியே போதும். சூரிய கிரகணத்துக்குத்தான் இடம் முக்கியம். சந்திரனின் நிழல் பூமியின் மேல் ஒரு குறுகிய பாதையில் மட்டும் விழுவதால், பாதைக்குள் இருக்கும் ஊருக்கு ஒரு காட்சியும் பக்கத்து மாவட்டத்துக்கு வேறு காட்சியும் கிடைக்கும். சந்திர கிரகணத்தில் பூமியின் நிழல் சந்திரன்மேல் விழுகிறது. நிழல் விழுந்த நிலவை, அந்த நேரத்தில் நிலவு அடிவானத்துக்கு மேலே இருக்கும் எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும், ஒரே நொடியில்தான் தெரியும். சென்னைக்கும் சிதம்பரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கிரகணம் பிடிக்கும் நேரமும் விடும் நேரமும் நிமிடம் பிசகாமல் ஒன்றே. இடத்தைப் பொறுத்து மாறுபவை இரண்டுதான்: நிலவு வானத்தில் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதும், அன்றைக்கு அங்கே மேகம் இருக்குமா என்பதும். இதில் முதலாவது சிதம்பரத்துக்கு மிகவும் சாதகம். இரண்டாவதுதான் கவலைக்குரியது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் இந்திய நேரம். ஒரு நிமிடம் முன்பின் இருக்கலாம். பூமியின் மங்கலான புறநிழலுக்குள் நிலவு நுழைவது இரவு 7.34 மணி வாக்கில். கருநிழல் நிலவின் விளிம்பைத் தொடுவது, அதாவது வழக்கமாக நாம் கிரகணம் பிடித்தது என்று சொல்வது, இரவு 8.38 அளவில். நிலவு முழுவதுமாகக் கருநிழலுக்குள் போவது 9.46 அளவில். நடுக்கிரகணம் 10.22. முழு மறைவு முடிந்து முதல் ஒளி திரும்புவது 10.58 அளவில். கருநிழல் நிலவைவிட்டு முற்றிலும் விலகுவது நள்ளிரவு கடந்து 12.06. முழு மறைவு மட்டும் 71 நிமிடம் நீடிக்கும். கருநிழல் தொட்டதிலிருந்து விடுவது வரை ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். ஆங்கிலப் புத்தாண்டு பிறக்கும்போது நிலவின் விளிம்பில் நிழலின் கடைசித் துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். 2028-இல் பிடிக்கும் கிரகணம் 2029-இல் விடுகிறது.

இனி உயரம். டிசம்பர் இறுதியில் சூரியன் வானத்தின் தென்கோடியில் இருக்கும். அதற்கு நேர் எதிரே நிற்கும் முழுநிலவு வடகோடியில் இருக்கும். அதனால் அன்று மாலை, சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே, நிலவு நேர்க்கிழக்கில் அல்லாமல் கிழக்கிலிருந்து நன்றாக வடக்கே தள்ளி எழும். கருநிழல் தொடும் 8.38 மணிக்குச் சிதம்பரத்தில் அது அடிவானத்திலிருந்து 38 டிகிரி உயரம் ஏறியிருக்கும். முழு மறைவு தொடங்கும்போது 53 டிகிரி, நடுக்கிரகணத்தில் 60 டிகிரி, முழு மறைவு முடியும்போது 68 டிகிரி. நள்ளிரவில் ஏறக்குறைய உச்சிவானம். நேர் உச்சிக்குச் சற்று வடக்கே. கையை முழுவதும் நீட்டி முட்டி மடக்கிப் பிடித்தால் முட்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்திலிருந்து ஆறு முட்டி எண்ணினால் நடுக்கிரகணத்தின்போது நிலவு இருக்கும் உயரம் கிடைக்கும். இவ்வளவு உயரத்தில் நிற்கும் நிலவை அண்டை வீட்டு மாடியோ, தென்னந்தோப்போ, கோபுரமோ மறைக்காது.

2026 மார்ச் 3 கிரகணத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு புரியும். அன்று முழு மறைவு மாலை 4.34 முதல் 5.33 வரை, அப்போது நிலவு நமக்கு எழவே இல்லை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் 6.20 வாக்கில் எழுந்த நிலவில் நிழலின் மிச்சம் 6.47 வரைதான் இருந்தது. அதைப் பார்க்கக் கடற்கரைக்குத்தான் போக வேண்டியிருந்தது. பரங்கிப்பேட்டையோ சாமியார்பேட்டையோ போல, கிழக்கே தடையில்லாத கடல்வெளி தேவைப்பட்டது. கடலோரம் போக வேண்டும் என்ற பேச்சு அந்த வகைக் கிரகணத்துக்குப் பொருந்தும். 2028-க்குப் பொருந்தாது. அன்றைக்குக் கடலோரத்தில் ஈரக்காற்றும் பனியும்தான் கூடுதலாகக் கிடைக்கும்.

என்ன தெரியும் என்று வரிசையாகச் சொல்கிறேன். புறநிழலுக்குள் நிலவு நுழைவதைக் கண்ணால் உணர முடியாது. எட்டேகால் மணிக்குப் பிறகு கூர்ந்து பார்த்தால் நிலவின் கீழ்ப்பக்கம் லேசாகப் புகை படிந்தது போலத் தெரியத் தொடங்கும். 8.38-க்குக் கருநிழல் தொடும். கிழக்கு நோக்கி நின்று அண்ணாந்து பார்க்கும் உங்களுக்கு அது நிலவின் கீழ் விளிம்பில், சற்றே வலப்பக்கமாகத் தொடங்கும். இது பலருக்கு வியப்பாக இருக்கும். இணையத்தில் வரும் படங்கள் பெரும்பாலும் வட அட்சரேகை நாடுகளுக்காக வரையப்பட்டவை, அவற்றில் நிழல் இடப்பக்கத்திலிருந்து வருவதாக இருக்கும். நிலவு தன் பாதையில் கிழக்கு நோக்கி நகர்ந்துதான் நிழலுக்குள் போகிறது; நம் ஊரில் கிழக்கு வானத்தில் ஏறிக்கொண்டிருக்கும் நிலவுக்குக் கிழக்கு விளிம்பு என்பது கீழ் விளிம்பு. அதே காரணத்தால் 10.58-க்கு முதல் ஒளியும் கீழ்ப்பக்கமாகவே திரும்பும். முதலில் உள்ளே போன பக்கம்தான் முதலில் வெளியே வரும்.

அடுத்த ஒரு மணி நேரம் நிழலின் விளிம்பைக் கவனியுங்கள். அது எப்போதும் வளைந்தே இருக்கும். அந்த வளைவு நிலவின் வளைவைவிடப் பெரிய வட்டத்துக்கு உரியது. நிலவு இருக்கும் தொலைவில் பூமியின் கருநிழல் நிலவைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் அகலமானது. பூமி உருண்டை என்பதற்கு அரிஸ்டாட்டில் காட்டிய சான்றுகளில் ஒன்று இந்த வளைவுதான். சந்திரனைப் பூமியின் நிழல் மறைப்பதே சந்திர கிரகணம் என்று 5-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆரியபட்டர் எழுதியதும் இதே நிழலைப் பற்றித்தான். பிள்ளைகளிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, கால் மணிக்கு ஒருமுறை நிழலின் விளிம்பை வரையச் சொல்லுங்கள். எந்தச் செயலியும் இவ்வளவு தெளிவாக அதைக் கற்றுக் கொடுக்காது.

நிலவு முக்கால்வாசி மூடியதும் நிழலுக்குள் இருக்கும் பகுதியில் சிவப்பு தலைகாட்டும். அதுவரை மிஞ்சியிருக்கும் வெள்ளைத் துண்டின் கூச்சத்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. வெள்ளை மறைந்ததும், தேய்த்துக் கழுவாத செப்புக் குடத்தின் நிறத்தில் முழு நிலவும் தெரியும். பூமியைச் சுற்றியுள்ள காற்றுமண்டலம் சூரிய ஒளியை வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. வழியில் நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சுகிறது. அந்த நேரத்தில் நிலவில் நின்று பார்த்தால், கரிய பூமியின் விளிம்பைச் சுற்றி, உலகின் எல்லாச் சூரிய உதயங்களும் அஸ்தமனங்களும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு சிவந்த வளையம் தெரியும். அந்த வளையத்தின் ஒளியைத்தான் நாம் இங்கிருந்து பார்க்கிறோம்.

சிவப்பின் ஆழம் கிரகணத்துக்குக் கிரகணம் மாறும். பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே டாஞ்சான் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு: நிலவு ஏறக்குறையக் காணாமலே போனால் 0, சாம்பல் கலந்த இருட்டு என்றால் 1, அடர் துருநிறம் 2, செங்கல் சிவப்பு 3, ஒளிரும் செம்பு அல்லது ஆரஞ்சு 4. பெரிய எரிமலை வெடித்து அதன் துகள்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் தங்கியிருந்தால் கிரகணம் கறுத்துவிடும். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ எரிமலை வெடித்த பிறகு, 1992 டிசம்பரில் வந்த முழுக் கிரகணம் அப்படித்தான் மிகவும் இருண்டிருந்தது. ஆகவே 2028-இல் நிறம் எப்படி இருக்கும் என்று இப்போதே யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் சொல்லலாம்: இந்த முறை நிலவு நிழலின் மையத்துக்கு வடக்காகக் கடக்கிறது. நடுக்கிரகணத்திலும் அதன் வடக்கு விளிம்பு கருநிழலின் ஓரத்திலிருந்து நிலவின் விட்டத்தில் கால் பங்கு அளவே உள்ளே போயிருக்கும். எனவே வடக்கு விளிம்பு, அதாவது உங்களுக்கு இடப்பக்கம், வெளிறியும், டைக்கோ பள்ளம் இருக்கும் தெற்குப் பகுதி, அதாவது வலப்பக்கம், அடர்ந்தும் தெரியும். ஒரே நிறம் பூசிய தட்டாக அது இருக்காது. பார்க்கப் பார்க்க உருண்டையாகவே தோன்றும்.

முழு மறைவு தொடங்குவதற்கு முன்னும் முடிந்த பின்னும் சில நிமிடங்களுக்குச் சிவப்புக்கும் வெள்ளைக்கும் இடையே மெல்லிய நீலப் பட்டை ஒன்று பைனாகுலரில் தெரியும். ஓசோன் அடுக்கு சிவப்பை உறிஞ்சி நீலத்தை விடுவதால் வரும் பட்டை அது. பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள், 9.40-க்கு எல்லோரும் செல்பேசியைக் கீழே வைத்துவிட்டு இதைத் தேட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இந்தக் கிரகணத்தை நான் மற்றவற்றைவிட உயர்வாக மதிப்பதற்குக் காரணம் நிலவைச் சுற்றியுள்ள வானம். சாதாரண முழுநிலவு இரவில் அதன் வெளிச்சத்தில் நட்சத்திரங்கள் மங்கிப்போகும். முழு மறைவில் நிலவின் ஒளி பத்தாயிரம் மடங்குக்கும் மேல் குறைந்துவிடும். முழுநிலவு நாளிலேயே அமாவாசை வானம் கிடைக்கும். டிசம்பர் இறுதி இரவு பத்து மணிக்கு வானத்தின் மிகச் சிறந்த பகுதி கிழக்கில் ஏறி நிற்கிறது. கிரகண நிலவு மிதுன ராசியின் நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கும். அதற்கு இடது கீழாக, ஒன்றரை முட்டித் தொலைவில், புனர்பூசத்தின் இரட்டையரான காஸ்டரும் போலக்ஸும். வலது மேலாக, இரண்டு முட்டித் தொலைவில், செந்நிறத் திருவாதிரை. அதைத் தாண்டி ஓரியனின் மூன்று நட்சத்திர இடுப்புப்பட்டை. இன்னும் மேலே ரோகிணியும் கார்த்திகைக் கூட்டமும். வலப்பக்கம் நான்கு முட்டி தள்ளி, வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ். பைனாகுலர் இருந்தால் நிலவுக்கு மேலே ஏறக்குறைய ஒரு முட்டி தள்ளி எம் 35 என்ற நட்சத்திரக் கொத்தையும் தேடிப் பாருங்கள். நகர வெளிச்சம் குறைந்த இடமாக இருந்தால் அகப்படும்.

சிதம்பரத்தில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொன்றும் உண்டு. மார்கழி மாதத்து முழுநிலவு; பஞ்சாங்கக் கணக்கின்படி கிரகண நேரத்தில் சந்திரன் திருவாதிரையில் இருக்கிறது. நடராசர் கோயிலின் ஆருத்ரா தரிசனம் வரும் சேர்க்கை இதுதான். நிலவு திருவாதிரையில் இருக்கிறது என்கிறார்களே, திருவாதிரை நட்சத்திரம் 20 டிகிரி தள்ளி அல்லவா தெரிகிறது என்று பிள்ளைகள் கேட்கக்கூடும். சந்திரனின் பாதையை 27 சம பாகங்களாகப் பிரித்து ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெயருக்குரிய நட்சத்திரம் பாதையின் மேலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. திருவாதிரை பாதையிலிருந்து நன்றாகத் தெற்கே விலகியுள்ள நட்சத்திரம். தரிசனம் எந்த நாளில், எந்த நேரத்தில், கிரகணத்தை ஒட்டி நடை சாத்தப்படுமா என்பதெல்லாம் கோயில் தரப்பில் அறிவிக்க வேண்டியவை. கிரகணத்தின்போது நடை சாத்துவது பல கோயில்களில் வழக்கம் என்பதால், வெளியூரிலிருந்து தரிசனத்துக்கு வரும் உறவினர்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது மேகம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிப்பது. கடலூர் மாவட்டக் கரையோரம் அதன் முழு வீச்சையும் வாங்கும் பகுதி. டிசம்பர் கடைசி வாரத்தில் மழை பெரும்பாலும் தணிந்துவிடும் என்றாலும், வங்கக் கடலில் ஒரு தாழ்வு நிலை இருந்தால் கதை மாறிவிடும். இதே கரையில், அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் வடக்கே இருக்கும் புதுச்சேரியில், பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீ 1769-இல் வெள்ளி இடைமறிப்பை, அதாவது வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடப்பதை, பார்ப்பதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, உரிய காலை நேரத்தில் மேகம் மூடியதால் எதையும் காணாமல் போனார். அவருக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. டிசம்பர் 29-ஆம் தேதியிலிருந்து இந்திய வானிலை ஆய்வுத் துறையின் செயற்கைக்கோள் படங்களைத் தினமும் பாருங்கள். கடலோரம் மட்டும் மேகமாகவும் உள்நாடு தெளிவாகவும் இருந்தால், 31-ஆம் தேதி பிற்பகலிலேயே விருத்தாசலம் வழியாக மேற்கே போய்விடுவது நல்லது. சேலம், தருமபுரிப் பக்கம் பருவமழையின் பிடி அப்போது பெரும்பாலும் தளர்ந்திருக்கும். ஏற்காடு பற்றிக் கேட்டீர்கள். மலை உச்சிகளில் மார்கழி இரவில் மூடுபனி வந்து உட்கார்ந்துவிடும் அபாயம் உண்டு. மலையடிவாரச் சமவெளியே மேல். படம் சிதறிய மேகத்தைக் காட்டினால் இடம் மாற வேண்டாம். மூன்றரை மணி நேரக் கிரகணத்தில் மேகம் விலகும் வாய்ப்பு பலமுறை வரும். சில நிமிடங்களே நீடிக்கும் முழுச் சூரிய கிரகணத்தில் இருக்கும் பதற்றம் இதில் தேவையில்லை. வானம் மூடியிருக்கிறது என்று 9 மணிக்கே படுக்கப் போய்விடாதீர்கள்.

மேகம் இல்லாத இரவில் பனி இருக்கும். பைனாகுலர், கேமரா லென்ஸ் எல்லாவற்றிலும் ஒரு மணி நேரத்துக்குள் ஈரம் படியும். லென்ஸுக்கு முன்னால் அட்டையைச் சுருட்டிக் குழல் போலக் கட்டிவிட்டால் ஓரளவு தாங்கும். படிந்த ஈரத்தைத் துணியால் துடைக்காமல், முடி உலர்த்தும் கருவியின் இளஞ்சூட்டுக் காற்றால் போக்குவது நல்லது. உங்கள் தலைக்கும் அதே பனிதான். பெரியவர்களுக்கு மப்ளரும் பிள்ளைகளுக்குக் குல்லாயும் வேண்டும்.

பஞ்சாங்கத்தில் வேறு நேரம் போட்டிருந்தால் எதை நம்புவது என்ற கேள்வி எப்படியும் வரும். இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தின் கிரகண நேரங்கள் மேலே சொன்னவற்றோடு ஒத்துப்போகும். பழைய வாய்பாடுகளைக்கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தில் வேறுபாடு இருக்கக்கூடும். வாக்கிய முறையை இகழ்ந்து நான் இதைச் சொல்லவில்லை. லெ ஜாந்தீ புதுச்சேரியில் தங்கியிருந்த காலத்தில் தமிழ்க் கணியரிடம் அவர்களுடைய முறையைக் கேட்டறிந்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தை அந்த முறை 41 வினாடி குறைவாகக் காட்டியது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளான, ஜெர்மன் வானியலாளர் டோபியாஸ் மேயருடையவை 68 வினாடி கூடுதலாகக் காட்டின. 1825-இல் ஜான் வாரன் என்பவர் அதே புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணியர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக்கொண்டு அந்த ஆண்டு மே கடைசி இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவுசெய்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகியது. எழுதுகோலே இல்லாமல் செய்த கணக்குக்கு அது பெரிய சாதனை. ஆனால் மாடிக்கு எப்போது ஏறுவது என்று முடிவுசெய்ய இன்றைய கணிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாங்கத்தில் ஸ்பரிசம் என்றிருப்பது கருநிழல் தொடும் நேரம். மோட்சம் என்றிருப்பது அது விலகும் நேரம்.

பெரியவர்களின் தயக்கத்துக்கு வருகிறேன். சந்திர கிரகணத்தைப் பார்ப்பதால் கண்ணுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. கண்ணாடியோ வடிகட்டியோ வேண்டாம். சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்ப்பது உண்மையாகவே கண்ணைக் கெடுக்கும். அந்த எச்சரிக்கை நியாயமானது, ஆனால் அது சூரியனுக்கு உரியது. இங்கே இருப்பது தினமும் பார்க்கும் நிலவைவிடக் குறைந்த வெளிச்சம். கர்ப்பிணிகள் வெளியே வந்தால் குழந்தைக்கு ஊனம் வரும் என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. பசியோடும் தாகத்தோடும் அவர்களை மணிக்கணக்கில் அறைக்குள் அடைத்து வைப்பதுதான் தீங்கு. சமைத்த உணவு கிரகணத்தால் கெடாது. குளிப்பது, தர்ப்பணம் செய்வது, செபம் செய்வது போன்றவை அவரவர் நம்பிக்கை. அதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகளை இந்தக் காட்சியிலிருந்து விலக்கி வைக்காதீர்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் அவர்களையும் கையோடு மாடிக்கு அழைத்து வாருங்கள்.

கருவிகளில் முதலில் தேவைப்படுவது ஒரு பாய். 60 டிகிரி உயரத்தில் நிற்கும் நிலவை நின்றுகொண்டே ஒரு மணி நேரம் பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். தலையணையோடு படுத்துவிடுங்கள், அல்லது சாய்வு நாற்காலி போடுங்கள். வெறுங்கண்ணே போதும். 7x50 அல்லது 10x50 பைனாகுலர் இருந்தால் நிறங்கள் பல மடங்கு செழிக்கும். கடன் வாங்கியாவது ஒன்று வைத்துக்கொள்ளலாம். தொலைநோக்கி இருந்தால் குறைந்த உருப்பெருக்கத்தில் வைத்து, பள்ளங்கள் ஒவ்வொன்றாக நிழலுக்குள் மூழ்குவதைப் பாருங்கள். கீழ் விளிம்பருகே இருக்கும் கிரிமால்டி முதலிலேயே போய்விடும். மேல் விளிம்பை ஒட்டிய முட்டை வடிவக் கரும்பரப்பான மாரே கிரைசியம் கடைசியில் மறையும். ஒவ்வொன்றும் மறையும் நேரத்தைக் குறித்தால் அது அறிவியலுக்கே பயன்பட்ட பணி. பூமியின் நிழல் வெறும் வடிவக்கணிதம் சொல்வதைவிட ஏறக்குறைய 2 சதவீதம் பெரிதாகத் தெரிவதை இப்படித்தான் அளந்தார்கள். நடுக்கிரகணத்தில் நிலவு எவ்வளவு மங்கியது என்று அறிய ஓர் எளிய வழி உண்டு: பைனாகுலரைத் தலைகீழாக, பெரிய லென்ஸ் பக்கம் கண்ணை வைத்து, நிலவைப் பாருங்கள். அது சிறு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியை மறு கண்ணால் நேரடியாகத் தெரியும் சிரியஸோடும் திருவாதிரையோடும் ஒப்பிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திருவாதிரையின் சிவப்பு, நிறத்தை ஒப்பிடவும் உதவும்.

படம் எடுக்க விரும்புவோருக்கு ஒரு சொல். கோபுரத்துக்கு மேலே சிவந்த நிலவு என்ற படம் எல்லோர் மனதிலும் இருக்கும். சிதம்பரம் கோபுரங்கள் சுமார் 40 மீட்டர் உயரம். முழு மறைவின்போது நிலவு 53 டிகிரிக்கு மேலே போய்விடுவதால், மேல வீதியிலிருந்தோ வேறு தூரத்திலிருந்தோ இரண்டையும் நெருக்கமாகச் சேர்க்க முடியாது. கோபுரத்தின் அடிவாரத்தில் நின்று அகலக் கோண லென்ஸால்தான் எடுக்க வேண்டும், அதில் நிலவு சிறிதாகவே வரும். மாலை ஆறு, ஆறரைக்குக் கிரகணம் பிடிக்காத நிலவைக் கோபுரத்தோடு எடுப்பது எளிது. கேமராவில் 200 அல்லது 300 மி.மீ. லென்ஸ் என்றால், முழு மறைவுக்கு ஐ.எஸ்.ஓ. 1600, ஒரு வினாடி அளவிலிருந்து தொடங்கி மாற்றிப் பாருங்கள், முக்காலி கட்டாயம். செல்பேசியில் இரவு முறையை வைத்து எதிலாவது சாய்த்து நிறுத்துங்கள். இவற்றில் 71 நிமிடமும் கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களோடு பேசிக்கொண்டே பார்க்க நினைத்தால்: இலங்கைக்கு நம் நேரமே. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் முழு மறைவு புத்தாண்டு பிறந்து கால் மணி நேரத்தில், 12.16-க்குத் தொடங்கி 1.28 வரை நிலவு உச்சியை ஒட்டி இருக்கும். லண்டனில் மாலை நிலவு எழும்போதே நிழல் பட்டிருக்கும். முழு மறைவு அங்கே 4.16 முதல் 5.28 வரை, கிழக்கு அடிவானத்தை ஒட்டித் தாழ்வாக. டொராண்டோவில் அப்போது பகல், தெரியாது.

இது அடிக்கடி வருமா என்று கேட்டால், கிரகணங்களுக்கு ஒரு சுழற்சி உண்டு. 18 ஆண்டும் ஏறக்குறைய 11 நாளும் 8 மணி நேரமும் கழித்து அதே வகைக் கிரகணம் திரும்பும். இந்தக் கிரகணத்தின் முந்தைய சுற்று 2010 டிசம்பர் 21. அந்த 8 மணி நேரத்தால் அப்போது நமக்குப் பகலாகிப்போனது. இன்னொரு சுழற்சி 19 ஆண்டு: அதே தேதியில் முழுநிலவு திரும்பும். 2009 டிசம்பர் 31 முழுநிலவிலும் சிறிய பகுதிக் கிரகணம் ஒன்று வந்தது. நமக்கு அது புத்தாண்டு பிறந்த பிறகு 12.22 முதல் 1.24 வரை தெரிந்தது. அதைப் பார்த்த நினைவு உங்கள் வீட்டில் யாருக்காவது இருக்கலாம்.

முன்கூட்டியே பழகிக்கொள்ள 2028 ஜூலை 6 இரவு ஒரு வாய்ப்பு இருக்கிறது. இரவு 10.40 அளவில் தொடங்கி நள்ளிரவு கடந்து ஒரு மணி வரை, நடுவில் 11.50 வாக்கில் நிலவின் விட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிழலுக்குள் போகும் பகுதிக் கிரகணம். உங்கள் மாடியில் எந்த மூலையில் தெருவிளக்கு கண்ணில் படாது என்பதை அன்றைக்கே கண்டுபிடித்து வைத்துக்கொள்ளலாம். டிசம்பர் 31 முழுக்க மேகத்தில் போய்விட்டால், ஓராண்டு கழித்து 2029 டிசம்பர் 21 அதிகாலையில் இன்னொரு முழுக் கிரகணம் இருக்கிறது. முழு மறைவு சுமார் 3.45 முதல் 4.39 வரை, நிலவு அப்போது மேற்கு-வடமேற்கில் 30 டிகிரி உயரத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். அதற்கு மட்டும் மேற்குப் பக்கம் மரமும் கட்டடமும் இல்லாத மாடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.